ஈகிளை விட்டு கீகேட்-க்கு மாறுகிறீர்களா?

சர்க்யூட் போர்டு வடிவமைக்கும் மென்பொருளான ஈகிளின் (EAGLE) ஆயுள் 2026 ஜூன் 7 வரைதான் என்று அதன் உரிமையாளரான ஆட்டோடெஸ்க் 2023-லேயே அறிவித்துவிட்டது. பழைய டிசைன்களைத் தூக்கிப்போட வேண்டாம். இலவச, ஓப்பன் சோர்ஸ் மென்பொருளான கீகேட் (KiCad) அவற்றை எடுத்துக்கொள்ளும். ஈகிள் இலவசப் பதிப்பின் 80 சதுர செ.மீ., 2 லேயர் (காப்பர் அடுக்கு) கட்டுப்பாடு இதில் கிடையாது. 32 காப்பர் லேயர் வரை போகலாம்.

ஸ்கிமாட்டிக் (சர்க்யூட் வரைபடம்), போர்டு கோப்புகள் இரண்டும் ஒரே பெயரில், ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும். ஈகிள் 6-க்கு முந்தைய பதிப்புகளின் கோப்புகள் பைனரி வடிவம், கீகேட் அவற்றைப் படிக்காது. அவற்றை ஈகிளின் புதிய பதிப்பில் ஒருமுறை திறந்து சேமித்துவிடுங்கள், அது இயங்கும்போதே. பிறகு கீகேட்-இன் ஃபைல் மெனுவில் இம்போர்ட் கொடுத்து ஈகிள் புராஜெக்ட்டைத் தேர்ந்தெடுங்கள்.

இறக்கியதும் கிரவுண்ட் பிளேன் (கிரவுண்டுக்கான அகலமான காப்பர் பரப்பு) வெறுமையாகத் தெரிந்தால் பதற வேண்டாம், போர்டு எடிட்டரில் 'B' விசையை அழுத்தினால் நிரம்பும். அடுத்து டிஆர்சி (டிசைன் விதிச் சோதனை) ஓட்டுங்கள். டிரேஸ் (காப்பர் தடம்) அகலம், இடைவெளி விதிகளை போர்டு செட்டப்பில் உங்கள் ஃபேப்ரிகேட்டரின் (போர்டு தயாரிப்பவரின்) அளவுக்கு மாற்றிய பிறகே அதை ஓட்டுவதில் பொருள் உண்டு.

பலர் கோட்டைவிடும் இடம் கடைசியில்: தயாரிப்புக்கு அனுப்பும் ஜெர்பர் (லேயர் படக்) கோப்புகளை எடுத்தால், துளைகளுக்கான டிரில் கோப்பு தானாக வராது. அதே விண்டோவில் உள்ள டிரில் பட்டனைத் தனியாக அழுத்த வேண்டும்.