ஆடியோ சிடியில் டிக் டிக் சத்தமா? பர்னரைத் தூக்கிப் போடும் முன் இதைப் பாருங்கள்

சித்தப்பாவின் காரில் யுஎஸ்பி கிடையாது, சிடி மட்டும்தான். அதிலும் எம்பி3 சிடி போட்டால் வெளியே தள்ளிவிடும். தாத்தா பாடிய வில்லுப்பாட்டு காசெட்டுகளைக் கணினியில் ஏற்றி வைத்திருந்தேன், அதை ஒரு ஆடியோ சிடியாகப் போட்டுக் கொடுப்பது அரை மணி நேர வேலை என்று உட்கார்ந்து ஒன்பது சிடியைப் பாழாக்கினேன். ஒன்பதும் ஒரே மாதிரி: முதல் சில பாட்டு சுத்தமாக வரும், போகப் போக டிக் டிக், கடைசிப் பாட்டில் எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி.

சிடி பர்ன் செய்வது எப்படி என்று சொல்லப்போவதில்லை, அது தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

படி 1: மூலக் கோப்பைக் கேளுங்கள்

ஹெட்ஃபோன் மாட்டி, முழுதாக. என் மூன்றாவது பாட்டில் ஒரு ‘டக்’ இருந்தது, பர்னரைத்தான் (சிடியில் எழுதும் டிரைவைத்தான்) திட்டினேன். கடைசியில் பார்த்தால் அது தாத்தாவின் வீசுகோல் மைக்கில் பட்ட சத்தம், காசெட்டிலேயே இருக்கிறது.

கேட்ட கையோடு ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ வேவ் கோப்பாக மாற்றிவிடுங்கள். ஆடியோ சிடிக்கு அந்த ஒரு வடிவம்தான். நான் 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்து வைத்திருந்தேன். பர்ன் செய்யும் மென்பொருளே மாற்றிக்கொள்ளும் என்பார்கள், மாற்றவும் செய்யும், ஆனால் சந்தேகப்பட வேண்டிய இடங்களில் ஒன்று குறையட்டுமே.

படி 2: சத்தம் எங்கே வருகிறது?

ஒரு தாளில் குறித்துக்கொண்டே கேளுங்கள். ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலோ முடிவிலோ மட்டும் டிக் என்றால், மென்பொருள் ‘ட்ராக் அட் ஒன்ஸ்’ முறையில் எழுதுகிறது, அதாவது பாட்டுக்குப் பாட்டு லேசரை நிறுத்தித் தொடங்குகிறது. ‘டிஸ்க் அட் ஒன்ஸ்’ (முழுச் சிடியையும் ஒரே மூச்சில் எழுதுவது) என்று மாற்றினால் பெரும்பாலும் போய்விடும். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் வந்தால் பிளேயர் மேலேயே சந்தேகப்படுங்கள், அதே சிடியை வேறொன்றில் போட்டுப் பாருங்கள். என்னுடையது மாதிரி கடைசிப் பாட்டுகளில் மட்டும் என்றால் தொடர்ந்து படியுங்கள். சிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படுகிறது, கடைசிப் பாட்டு என்றால் வெளி விளிம்பு.

படி 3: நான் மூன்று நாள் வீணாக்கிய இடம்

அதே டிரைவில் அதே பெட்டியிலிருந்து எடுத்த சிடியில் புகைப்படங்களை எழுதிப் பார்த்தேன். ஒரு படம்கூடக் கெடவில்லை. சரி, டிரைவ் நல்லாத்தான் இருக்கிறது என்று முடிவுகட்டி மென்பொருளை மாற்றினேன், டிரைவரை மாற்றினேன், விண்டோஸையே திரும்பப் போட்டேன். தப்பு அங்கேதான்.

சிடியில் ஒரு செக்டர், அதாவது எழுதும் ஒரு கட்டம், 2352 பைட். டேட்டா சிடியில் (படம், கோப்பு எழுதும் சிடி) அதில் 2048 பைட்தான் உங்கள் கோப்பு, மீதியில் 276 பைட் பிழை திருத்தத்துக்கென்றே கூடுதலாக ஒதுக்கியது. ஆடியோ சிடியில் 2352 பைட்டும் பாட்டுக்கே போய்விடும். இரண்டுக்கும் அடியில் பொதுவான பிழை திருத்தம் ஒன்று உண்டு, ஆனால் அதைத் தாண்டி வரும் பிழையைச் சரிசெய்ய ஆடியோவுக்கு வேறு நாதியில்லை, பிளேயர் ஒப்பேற்றப் பார்க்கும், முடியாதபோது டிக். ஆக, சுமாராக எழுதும் டிரைவ் டேட்டாவில் தப்பித்துவிடும், பாட்டில் மாட்டிக்கொள்ளும். டேட்டா சிடி நன்றாக வருகிறது என்பதை வைத்து டிரைவுக்கு நற்சான்றிதழ் கொடுக்காதீர்கள்.

காதை மட்டும் நம்பாமல் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி மென்பொருளால் சிடியைத் திரும்ப வேவ் கோப்பாக எடுங்கள், முடிந்தால் வேறு டிரைவில். அதன் டூல்ஸ் மெனுவில் இரண்டு வேவ் கோப்புகளை ஒப்பிடும் வசதி இருக்கிறது. தொடக்கத்தில் சில நூறு சாம்பிள், அதாவது நொடியில் மிகச் சிறு பங்கு, தள்ளி நிற்பது சகஜம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நடுவில் வித்தியாசம் காட்டினால் எழுதியதிலோ படித்ததிலோ கோளாறு.

படி 4: வேகம், மின்சாரம், சிடி

என் டிரைவ் லேப்டாப்புக்கான மெலிந்த ரகம், 24 எக்ஸ் (பாட்டு ஓடும் வேகத்தைப் போல 24 மடங்கு) என்று போட்டிருக்கும். அந்த வேகம் வெளி விளிம்பில்தான் வரும், உள்ளே அதில் பாதிகூட இருக்காது. 10 எக்ஸுக்குக் குறைத்தேன், சத்தம் பாதியானது, போகவில்லை. ஒரு எக்ஸில் எழுதினால்தான் சுத்தம் என்று பழைய ஆட்கள் சொல்வதைக் கேட்க வேண்டாம், இன்றைய சிடிகளில் லேசர் எழுதும் சாயம் வேகமாக எழுதுவதற்கென்றே செய்தது, பல டிரைவ்களால் அவ்வளவு மெதுவாக ஓடவும் முடியாது.

மீதிப் பாதிச் சத்தத்துக்குக் காரணம், கேபிள். மேஜைக்கு எட்டவில்லை என்று கணினியின் முன்பக்க யுஎஸ்பி துளையில் ஒரு நீட்டிப்பு கேபிள் போட்டிருந்தேன். யுஎஸ்பி 2 துளையின் கணக்கு 500 மில்லி ஆம்பியர், எழுதும்போது இந்த வகை டிரைவ்கள் அதற்கு மேலும் கேட்கும். கேபிளைக் கழற்றிவிட்டு நேராகப் பின்பக்கத்தில் செருகினேன், பத்தாவது சிடி சுத்தம். இரண்டு தலை உள்ள யுஎஸ்பி கேபிள் உங்களிடம் இருந்தால் இரண்டையும் செருகுங்கள்.

அப்படியும் சரியாகவில்லையா, வேறு கம்பெனி சிடி பத்து மட்டும் வாங்கிப் பாருங்கள். நூறு வேண்டாம். மேலே ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், சுற்றும்போது ஆட்டம் கொடுக்கும்.

மென்பொருளில் என் ஓட்டு இம்ஜ்பர்னுக்கு. 2013-க்குப் பிறகு புதுப் பதிப்பு இல்லை, முகமும் அழகில்லை, ஆனால் என்ன நடக்கிறது என்று வரிக்கு வரி சொல்லும். லினக்ஸ்காரர்கள் கே3பி.

பிற்சேர்க்கை: எல்லாம் செய்தும் கார் சிடியையே அடையாளம் காணவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ஒருவர் போட்டது அழித்தெழுதும் ஆர்டபிள்யூ சிடி. அது திருப்பும் வெளிச்சம் ஒரு தடவை மட்டும் எழுதும் சாதா சிடி ஆர் திருப்புவதில் பாதிகூட இருக்காது, பழைய பிளேயர்களுக்கு அது போதாது. இன்னொருவர் ‘ஃபைனலைஸ்’ (எழுதி முடித்துச் சிடியை மூடுவது) என்பதில் டிக் குறியை எடுத்துவிட்டிருந்தார். அவர் சிடியை வீசியிருக்காவிட்டால், அதை டிரைவில் போட்டு மென்பொருளில் ‘க்ளோஸ் டிஸ்க்’ கொடுத்துப் பார்க்கலாம்.