முதல் ஸ்கான் அறிக்கையைப் பெட்டிக்கு அடியில் வைக்காதீர்கள்

தமிழகத்திலிருந்து இலங்கையின் வன்னிக்கு மருமகளாக வந்தவர்களுக்கும், அங்கே அகதி முகாமில் பிறந்து இப்போதுதான் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் பார்ப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். வயிற்றில் பிள்ளையோடு வந்திருந்தால் விதானையாரை (கிராம அலுவலரை) பார்க்கும் முன் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரைப் பாருங்கள். ஊரில் மருத்துவமாது என்று கேட்டால் வழி காட்டுவார்கள். பதிவதும், கிளினிக் நாள் சொல்வதும், வீடு தேடி வருவதும் அவர்தான். அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குக் கட்டணம் இல்லை. தமிழகத்தில் கர்ப்பத்தைப் பதிந்தபோது கிடைத்த பிக்மி எண் இங்கே உதவாது. கையிலுள்ள காகிதங்கள் உதவும்.

திருச்சியிலிருந்து வந்த ஒரு தங்கச்சி எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தாள். அவளுடைய அம்மா வாரம் தவறாமல் தொலைபேசியில் கேட்பார்: "உன்னைப் பெறும்போது பனிக்குட நீரை ஊசியால் எடுத்து, நுரையீரல் முற்றிவிட்டதா என்று பார்த்தார்களே, அங்கே ஏன் பார்க்கவில்லை?" வன்னியில் வசதி இல்லை என்று இருவரும் முடிவு கட்டிவிட்டார்கள். வசதிக் குறைவு இங்கே உண்டுதான். ஆனால் இது அதனால் அல்ல. அந்தப் பரிசோதனையே உலகெங்கும் வழக்கொழிந்து வருகிறது.

நுரையீரலின் காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழவழப்பான பொருள் ஒன்று உண்டு, சர்பாக்டன்ட் என்பார்கள். அது சிறிது சிறிதாகப் பனிக்குட நீரில் கலக்கும். அந்த நீரில் லெசித்தின் என்ற கொழுப்புப் பொருள், ஸ்பிங்கோமைலின் என்ற இன்னொன்றைப் போல் இரு மடங்கு இருந்தால் நுரையீரல் பெரும்பாலும் முற்றிவிட்டது என்று கொள்ளலாம் என 1971-இல் அமெரிக்க மருத்துவர் லூயிஸ் குளக் காட்டினார். அடுத்த ஆண்டே எளிய வழி ஒன்றும் வந்தது: நீரில் மதுசாரம் சேர்த்துக் குலுக்கி, நுரை நிற்கிறதா என்று பார்ப்பது. சவர்க்கார நுரையைப் பார்த்து நல்லதா என்று சொல்கிற மாதிரி!

ஆனால் நீரில் இரத்தமோ பிள்ளையின் மலமோ கலந்தால் முடிவு குழம்பும். நுரையீரல் முற்றியிருந்தாலும் பால் குடிக்கவும் உடல் சூட்டைக் காக்கவும் பிள்ளை தயார் என்று அர்த்தமில்லை. அதே 1972-இல் நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹவி என்ற இரு மருத்துவர்கள் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குறைமாதப் பிள்ளையின் மூச்சுத்திணறல் குறைவதைக் காட்டினார்கள். முற்றிவிட்டதா என்று வயிற்றில் குத்திப் பார்ப்பதைவிட முற்றவைப்பது மேல் அல்லவா? பின்னர் சர்பாக்டன்டைப் பிள்ளைக்கே கொடுக்கவும் முடிந்தது.

ஆகவே இங்கே வைத்தியர் கேட்பது தண்ணீரை அல்ல, வாரக் கணக்கை. முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கான்தான் நாளைச் சரியாகச் சொல்லும். கடைசி மாதத்து ஸ்கான் இரண்டு மூன்று வாரம் பிசகலாம். அந்தத் தங்கச்சியின் முதல் அறிக்கை திருச்சியில் ஒரு அலமாரியில் கிடந்தது. வாட்ஸ்அப்பில் படம் வந்து சேரும்வரை அவள் 33 வாரமா 36 வாரமா என்று யாருக்கும் தெரியவில்லை.

34 வாரத்துக்கு முன் பிரசவம் நெருங்குகிறது என்று ஸ்டீராய்டு ஊசி போடச் சொன்னால் பயப்படாதீர்கள். சர்க்கரை நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். இந்த ஊசியால் சர்க்கரை சில நாள் ஏறும். பனிக்குடம் உடைந்தால் நேரத்தையும் நீரின் நிறத்தையும் குறித்துக்கொண்டு 1990 என்ற அம்புலன்ஸ் எண்ணை அழையுங்கள். துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கம் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், தூரம் அதிகம். அறிக்கையைக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உறையிலேயே வையுங்கள். போகும்போது தேட வேண்டியிராது.