பூஞ்சை மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு காதையும் நடையையும் தேற்றுவது எப்படி

என் வீட்டுக்காரருக்கு வந்தது கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையால் வரும் மூளைக்காய்ச்சல். பூஞ்சையை அழிக்கும் ஆம்போடெரிசின் ஊசி முடிந்து, அதே வேலைக்கான ஃப்ளூகோனசோல் மாத்திரையோடு வீட்டுக்கு வந்த பிறகுதான் காது மந்தமும் தள்ளாட்டமும் முழுசாகத் தெரிந்தன. கேட்பதையும் சமநிலையையும் மூளைக்குச் சொல்வது எட்டாவது கபால நரம்பு. இந்த நோயில் அது அடிபட்டால் இரண்டும் சேர்ந்தே போகலாம். உடம்பு தேறினால் தானாகச் சரியாகும் என்று காத்திருக்காதீர்கள்.

முதலில் எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் ஆடியோகிராம், ஒலி காது நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா (BERA) பரிசோதனை இரண்டையும் கேட்டு வாங்குங்கள். சில மாதம் கழித்து மறுபடியும் எடுக்க வேண்டும். கேட்கும் திறன் ஏறவும் செய்யலாம், இறங்கவும் செய்யலாம். காது மெஷின் வைத்தும் கேட்கவில்லையென்றால், ஆபரேஷன் செய்து உட்காதில் பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் கருவி பற்றி டாக்டரிடம் உடனே பேசுங்கள். மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு உட்காதில் எலும்பு வளர்ந்து அடைத்துவிடும்; அப்புறம் கருவியைப் பொருத்துவது சிரமம்.

தலைசுற்றல் மாத்திரையை மாதக்கணக்கில் தொடர வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மூளை புதிதாகப் பழகிக்கொள்வதை அது தாமதப்படுத்தும். தேற்றுவது பயிற்சிதான். ஒரு அட்டையில் பெரிதாக 'அ' எழுதிச் சுவரில் கண் உயரத்தில் ஒட்டுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, எழுத்திலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் இடமும் வலமும் திருப்பச் சொல்லுங்கள். எழுத்து ஆடினால் வேகத்தைக் குறைக்கலாம். லேசாகக் கிறுகிறுக்கும், அது பரவாயில்லை. பழகியபின் நின்று செய்யலாம், பக்கத்தில் ஆள் வேண்டும். பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை பார்த்துச் சொல்லிக்கொடுப்பது நல்லது.

அதிகம் பயப்பட வேண்டிய இடம் குளியலறை. சமநிலையை உணரும் உட்காது வேலை செய்யாதபோது ஆளை நிறுத்துவது கண்தான். முகத்தில் சோப்பு போட்டுக் கண்ணை மூடியதும் அந்தப் பிடியும் போய்விடும். இவர் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு கையால் சுவர்க்கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் தலைக்கு ஊற்றுகிறார். ராத்திரி கழிவறைக்குப் போகும் வழியெல்லாம் விளக்கு எரியட்டும். ஆறு, கிணற்றில் முங்கிக் குளிப்பது கூடவே கூடாது. தண்ணீருக்குள் மேல் எது கீழ் எது என்று தெரியாது.

பேசும்போது கத்தாதீர்கள். மிக்ஸி, டிவியை நிறுத்திவிட்டு எதிரே வந்து நிதானமாகப் பேசுங்கள்.

தலைவலி, வாந்தி, இரட்டைப் பார்வை திரும்பினாலோ, காது திடீரென மேலும் மந்தமானாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஃப்ளூகோனசோலை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஜென்டாமைசின், அமிகாசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசிகள் காதைக் கெடுக்கலாம். வேறு எந்த நோய்க்குப் போனாலும் டாக்டர் முதலில் பார்க்கும்படி 'காது நரம்பு பாதிப்பு உண்டு' என்று ஃபைல் அட்டையிலேயே எழுதி வையுங்கள்.