ஞாயிறு ஆராதனைக்குச் சனிக்கிழமை மாலையே ஆயத்தமாகுங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்து வீடுகளில் மீன் வந்து சேரும் நேரமே அன்றைய சமையலைத் தீர்மானிப்பதால், மணிக்கு மணி அட்டவணை போட்டு நடக்க முயலும் இல்லத்தரசிக்குச் சோர்வே மிஞ்சும். அதற்குப் பதிலாக, இரவு குடும்ப ஜெபம் முடிந்தவுடன், மறுநாள் தள்ளிவைக்கவே முடியாத மூன்று வேலைகளை மட்டும் நாள்காட்டித் தாளின் பின்புறம் எழுதிவையுங்கள்.

காலையில் கைப்பேசியைத் தொடுவதற்கு முன் வேதவாசிப்பு.

நம்மில் பலர் மிகவும் தடுமாறுவது ஞாயிறு காலையில்தான். சனிக்கிழமை மாலையே ஆப்பத்துக்கு மாவரைத்து, தேங்காயைத் துருவி மூடிய பாத்திரத்தில் ஃப்ரீசரில் வைத்து, பிள்ளைகளின் உடைகளைத் தேய்த்து, வேதாகமம், பாட்டுப்புத்தகம், காணிக்கை ஆகியவற்றை ஒரே பையில் போட்டு வாசலருகே மாட்டிவிட்டால், முதல் பாட்டுக்கு முன்பே ஆலயத்தில் அமர்ந்துவிடலாம். குளிர்ந்த துருவலை அப்படியே அரைத்தால் கொழுப்பு திரண்டுவிடும். அரைமணி நேரம் வெளியே வைத்து, வெதுவெதுப்பான நீர் சேர்த்து அரைத்தால் மீன்குழம்புக்கு அரைப்பு மையாக வரும்.

லூக்கா சுவிசேஷம் 10-ஆம் அதிகாரத்தில், இயேசுவைத் தன் வீட்டில் ஏற்று உபசரிப்பு வேலைகளில் மூழ்கிப்போன மார்த்தாளிடம் ஆண்டவர் சுட்டிக்காட்டியது அவளுடைய உழைப்பை அல்ல, கவலையையும் கலக்கத்தையுமே என்று நான் உறுதியாக நம்புகிறேன். எனவே ஆராதனை முடிந்து உறவினர் உடன் வந்தால் ஐந்து வகைக் கறிக்காக அடுக்களையிலேயே நின்றுவிடாமல், அவித்த மரச்சீனிக்கிழங்கும் (மரவள்ளி) மீன்கறியும் பரிமாறி, அவர்களோடு அமர்ந்து நீங்களும் சாப்பிடுங்கள்.