அருங்காட்சியகத்துக்குத் தாத்தாவையும் கூட்டிப்போங்கள்

சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குப் போகிறீர்களா? வீட்டில் உழவு பார்த்த பெரியவர் இருந்தால் கட்டாயம் உடன் அழைத்துச் செல்லுங்கள். தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து அங்கே மறுபடி கட்டியிருக்கிறார்கள். உழவர் வீட்டுக்குள் நுழைந்ததும் கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓடவிடுங்கள். “இது என்ன?” என்று கேட்காமல், “இதை எப்படிப் புழங்கினீர்கள்?” என்று கேளுங்கள். பேச்சு தானாக வரும்.

அந்தக் கால நெல் அளவையில் 8 படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம். இது புத்தகத்திலேயே கிடைக்கும். நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று எண்ணியதை, அந்த ராகத்தோடு அவர்தான் சொல்ல முடியும். அப்புறம், அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை.