சுண்டலும் வயிற்று உப்புசமும்: என் அனுபவம்

தண்டையார்பேட்டையில் வசிக்கும் எனக்கு, கொண்டைக்கடலைச் சுண்டல் சாப்பிட்ட சில மணி நேரத்தில் வயிறு உப்பி, இரவில் படுக்க முடியாத அளவுக்கு வாயுத் தொல்லை இருந்து வந்தது.

கடலையிலுள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் ஆகிய சர்க்கரைகளை உடைக்கும் ஆல்ஃபா-காலக்டோசிடேஸ் என்னும் நொதி மனிதனின் சிறுகுடலில் சுரப்பதில்லை. ஆகவே அவை செரிக்காமலேயே பெருங்குடலை அடைகின்றன. அங்குள்ள பாக்டீரியாக்கள் அவற்றை நொதிக்கச் செய்யும்போது ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும், சிலருக்கு மீத்தேனும் உண்டாகின்றன. அதே நொதித்தலில் பிறக்கும் பியூட்டிரேட் என்னும் கொழுப்பு அமிலம் பெருங்குடல் சுவரின் செல்களுக்கு உணவாகிறது என்று அறிந்ததும், கடலையை அடியோடு விடும் எண்ணத்தை நான் கைவிட்டேன்.

குடங்களில் பிடித்துவைத்த தண்ணீர் வீணாகக் கூடாதென்று, ஊறிய நீரிலேயே வேகவைப்பது எங்கள் வீட்டு வழக்கம். இச்சர்க்கரைகளோ நீரில் கரைபவை. எனவே 12 மணி நேரம் ஊறவைத்து, இடையில் ஒருமுறை நீரை மாற்றி, மஞ்சளாகி நுரைத்திருக்கும் அந்த நீரைச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு, விரல்களுக்கிடையில் அழுத்தினால் மாவாக நசுங்கும்வரை புது நீரில் வேகவைக்கிறேன். முதல் வாரம் ஒரு கைப்பிடி மட்டுமே உண்டு, பிறகு மெல்ல அளவைக் கூட்டினேன். மூன்றாம் வாரம் முதல் இரவுத் தூக்கம் கலையவில்லை.