நோட்பேட் பிளஸ் பிளஸ் பிளகினைத் தானாக பில்ட் செய்து நிறுவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸ் டெக்ஸ்ட் எடிட்டரான நோட்பேட் பிளஸ் பிளஸுக்கு சி பிளஸ் பிளஸ் மொழியில் பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) எழுதுபவர்களுக்கு இந்தச் சுற்று மனப்பாடம்: கம்பைல் செய், எடிட்டரை மூடு, உருவான டிஎல்எல் கோப்பை (பிளகினின் கம்பைல் ஆன வடிவம்) எடுத்து பிளகின் கோப்புறையில் போடு, எடிட்டரைத் திற, சோதித்துப் பார். ஒரு வரி மாற்றினாலும் இத்தனையும் மறுபடி. இதை ஒரு ஸ்கிரிப்டிடம் ஒப்படைப்பது நல்ல முடிவுதான். ஆனால் கையால் நகலெடுக்கும்போது ஏதாவது தவறினால் கண்ணெதிரே எரர் வரும். ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் தோற்றுப்போனால் பழைய டிஎல்எல்லையே புதியது என்று நம்பி சோதித்துக்கொண்டிருப்போம்.

எனக்கு ஒரு முழு மாலை அப்படிப் போனது. பிழையைச் சரிசெய்துவிட்டேன், பில்ட் வெற்றி என்று வருகிறது, எடிட்டரில் மட்டும் அதே பிழை. சரியாக இருந்த கோடைப் பிரித்துப் பிரித்து மாற்றினேன். கடைசியில் நிறுவிய கோப்பின் தேதியைப் பார்த்தால், அது முந்தைய நாளுடையது.

காரணம் எளிது. எடிட்டர் திறந்தே இருந்தது. ஒரு டிஎல்எல் ஏற்றப்பட்டிருக்கும் வரை விண்டோஸ் அதை மேலெழுதவும் விடாது, அழிக்கவும் விடாது. இதைச் சமாளிக்க டாஸ்க்கில் (taskkill) என்ற விண்டோஸ் கட்டளையால் எடிட்டரை வலுக்கட்டாயமாக முடித்துவிடும் ஸ்கிரிப்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அதே எடிட்டரில் நாம் சேமிக்காத குறிப்புகளும் திறந்திருக்கும். வலுக்கட்டாய விருப்பம் இல்லாமல் அதே கட்டளையைக் கொடுத்தால், மூடும் பொத்தானை அழுத்தியதுபோல எடிட்டர் முறையாக மூடிக்கொள்ளும். அது மூடி முடிக்கும் வரை ஸ்கிரிப்ட் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இன்னொரு வழியும் உண்டு. ஏற்றப்பட்ட டிஎல்எல்லை அழிக்க விடாத விண்டோஸ், அதன் பெயரை மாற்ற விடும். பழைய கோப்புக்கு வேறு பெயர் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் புதியதைப் போடலாம். எடிட்டரை அடுத்த முறை திறக்கும்போது புதியது ஏற்றப்படும்.

நகலெடுப்பு தோற்றதை ஏன் யாரும் சொல்லவில்லை என்பதுதான் இதைவிட முக்கியமான கேள்வி. கம்பைல் செய்யப் பயன்படும் விஷுவல் ஸ்டூடியோவில், போஸ்ட்-பில்ட் ஈவென்டில் (பில்ட் முடிந்ததும் தானாக ஓடும் பகுதி) நாம் எழுதும் வரிகள் ஒரு பேட்ச் (.bat) கோப்பாக ஓடுகின்றன. முடிவில் நிற்கும் எரர் எண்தான் கணக்கில் வரும். முதல் வரியில் டிஎல்எல் நகலெடுப்பு தோற்று, இரண்டாவது வரியில் உதவிக் கோப்பு ஒழுங்காக நகலானால், பில்ட் வெற்றி. ஆகவே ஒவ்வொரு நகலெடுப்புக்குப் பிறகும் எரர் எண்ணைச் சோதித்து, தவறு என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

விண்டோஸின் நகலெடுப்புக் கட்டளையான ரோபோகாப்பியைப் பயன்படுத்துபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அது கோப்புகளை வெற்றிகரமாக நகலெடுத்தால் 1 என்ற எண்ணைத் திருப்பித் தரும். 0 என்றால் நகலெடுக்க எதுவும் இல்லை என்று பொருள். 8 முதல் மேலே உள்ளவைதான் தோல்வி. ஆனால் பூஜ்யம் அல்லாத எதையும் விஷுவல் ஸ்டூடியோ தோல்வியாக எடுத்துக்கொள்வதால், எல்லாம் நன்றாக நடந்த பில்ட் சிவப்பாக முடியும். எரிச்சலில் பலர் கடைசி வரியாக, எது நடந்தாலும் 0 தரும்படி எழுதிவிடுகிறார்கள். அதோடு உண்மையான தோல்வியும் மறைந்துபோகிறது. எண் 8-க்குக் கீழே என்றால் வெற்றி, இல்லையென்றால் நிறுத்து என்று எழுதுவதற்கு இரண்டு வரிதான் கூடுதலாக ஆகும்.

அதே ரோபோகாப்பியில் 'மிரர்' விருப்பம் இன்னும் ஆபத்தானது. மூலத்தில் இல்லாத எல்லாவற்றையும் அது சேருமிடத்திலிருந்து அழித்துவிடும். உங்கள் பிளகினுக்கான கோப்புறைக்குப் பதிலாக, தவறுதலாக ஒரு படி மேலே, 'பிளகின்ஸ்' கோப்புறையையே சேருமிடமாகக் கொடுத்தால் மற்ற பிளகின்கள் அனைத்தும் போய்விடும். ஒரேயொரு டிஎல்எல்லை வைக்க மிரர் தேவையே இல்லை.

அப்புறம், போஸ்ட்-பில்ட் எப்போதும் ஓடும் என்று நம்பக்கூடாது. கோடில் மாற்றம் எதுவும் இல்லையென்றால் விஷுவல் ஸ்டூடியோ 'எல்லாம் புதிதாகவே இருக்கிறது' என்று முடித்துவிடும், நகலெடுப்பும் நடக்காது. முதலில் நகலெடுப்பு தோற்று, எடிட்டரை மூடிவிட்டு மறுபடி பில்ட் கொடுக்கும்போது இதில்தான் மாட்டிக்கொள்வோம். நிறுவும் வேலையைத் தனி ஸ்கிரிப்டாக வைத்துக்கொண்டு, விஷுவல் ஸ்டூடியோவின் பில்ட் கருவியான எம்எஸ்பில்டை அது அழைக்கும்படி செய்வதே எனக்குப் பிடித்த ஏற்பாடு. நகலெடுத்து முடித்ததும் மூலம், நகல் ஆகிய இரண்டு கோப்புகளின் ஹாஷையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) ஒப்பிட்டு, ஒன்றாக இல்லையென்றால் உரக்கச் சொல்லட்டும். 'அபவுட்' பெட்டியில் கம்பைல் ஆன நேரத்தைக் காட்டுவதும் உதவும். ஆனால் அந்த நேரத்தைத் தரும் மேக்ரோ இருக்கும் சோர்ஸ் கோப்பு மறுபடி கம்பைல் ஆனால்தான் நேரமும் மாறும் என்பதை மறக்க வேண்டாம்.

கோப்புறைப் பெயரில் தவறு நேர்வது சகஜம், திருத்துவதும் சுலபம். 2018-இல் வந்த 7.6 பதிப்பிலிருந்து ஒவ்வொரு பிளகினும் தனிக் கோப்புறையில் இருக்க வேண்டும். கோப்புறையின் பெயரும் டிஎல்எல்லின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எடிட்டர் அதைக் கண்டுகொள்ளவே செய்யாது.

32-பிட், 64-பிட் குழப்பமும் அப்படித்தான். 64-பிட் எடிட்டர் 32-பிட் டிஎல்எல்லை ஏற்றாது. ஸ்கிரிப்டில் பிளாட்ஃபார்மை வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள், விஷுவல் ஸ்டூடியோவில் கடைசியாகத் தேர்ந்தெடுத்தது எதுவோ அதை நம்பி விடாதீர்கள். எடிட்டரின் இடைமுகத்தை விவரிக்கும் ஹெடர் கோப்புகளையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். 2022-இல் வெளியான 8.3 பதிப்பில், 2 ஜிபிக்கு மேற்பட்ட கோப்புகளைக் கையாள்வதற்காக 64-பிட் பிளகின்களுக்கான இடைமுகம் மாறியது. பழைய ஹெடரோடு கம்பைல் ஆன பிளகின் கிராஷ் ஆகக்கூடும். டீபக் பில்டை (பிழை தேடுவதற்கான பில்ட்) நண்பருக்கு அனுப்புவதும் வீண். விஷுவல் ஸ்டூடியோவோடு வரும் டீபக் ரன்டைம் அவர் கணினியில் இருக்காது.

அடுத்து அனுமதி. புரோகிராம் ஃபைல்ஸில் எழுத அட்மின் உரிமை வேண்டும். அதற்காக விஷுவல் ஸ்டூடியோவையே அட்மினாக ஓட்டினால், அதிலிருந்து டீபக் செய்யத் திறக்கும் எடிட்டரும் அட்மினாகவே ஓடும். எக்ஸ்புளோரரிலிருந்து கோப்பை இழுத்துப் போட்டால்கூட வேலை செய்யாது. பிளகின் கோப்புறையில் எல்லோரும் எழுதலாம் என்று திறந்துவிடுவது அதைவிட மோசம். நம் கணக்கில் ஓடும் எந்த நிரலும் அங்கே ஒரு டிஎல்எல்லை வைத்துவிடலாம், எடிட்டர் அதை ஏற்றிவிடும். இத்தனை தொல்லைக்கும் விடை ஒன்றே: எடிட்டரின் போர்ட்டபிள் ஜிப்பை (நிறுவாமலே ஓடும் வடிவம்) இறக்கி, பிராஜெக்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கோப்புறையில் விரித்து, சோதனைக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். அட்மின் உரிமை தேவையில்லை. '-multiInst' விருப்பத்தோடு திறந்தால் நம் அன்றாட எடிட்டரை மூடவும் வேண்டியதில்லை, அதன் அமைப்புகளுக்கும் ஆபத்தில்லை. திறந்திருக்கும் எடிட்டர் டிஎல்எல்லைப் பூட்டிவைக்கும் பிரச்சினையும் பெரும்பாலும் இங்கேயே தீர்ந்துவிடும்.

பிளகின் முடிந்து, எடிட்டருக்குள்ளிருந்தே பிளகின்களை நிறுவ உதவும் 'பிளகின்ஸ் அட்மின்' பட்டியலில் சேர்க்கப் போகும்போது இன்னொரு இடத்தில் கவனம் வேண்டும். அந்தப் பட்டியலில் ஜிப் கோப்பின் எஸ்ஹெச்ஏ-256 ஹாஷையும் பதிப்பு எண்ணையும் கொடுக்க வேண்டும். டிஎல்எல்லுக்குள் இருக்கும் பதிப்பு எண்ணும் பட்டியலில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆகவே எண்ணை ஒரே இடத்தில் எழுதி, இரண்டு இடங்களுக்கும் ஸ்கிரிப்டே கொண்டுபோகட்டும். ஹாஷைக் கணக்கிட்ட பிறகு ஜிப்பை மறுபடி உருவாக்காதீர்கள். உள்ளே இருக்கும் கோப்புகளின் நேரமும் ஜிப்பில் பதிவாகிறது. கோடில் ஒரு எழுத்துகூட மாறாவிட்டாலும், மறுபடி பில்ட் செய்து ஜிப் செய்தால் ஹாஷ் வேறாகிவிடும், பயனரின் கணினியில் நிறுவலும் நின்றுவிடும்.